அஞ்சடி ஆறரை அங்குலம்

மலைமேல் இருக்கிற புதூர்நாட்டில் ஜீப் நிற்கிற இடத்துக்கு எதிரே தகரக்கூரை போட்ட ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. கடைக்காரன் பெயர் ராஜவேலு. வயசு நாற்பத்தி நாலு, ஆள் உசரம் அஞ்சடி மூணு அங்குலம், கோபம் மட்டும் ஆறடி. மலையில் ஓடுகிற ஜீப்புக்கும் பைக்குக்கும் அவன்தான் வைத்தியன். ஆனால் மனசு பூராவும் சைக்கிளில்தான். மலையில் சைக்கிள் எதுக்கு என்று கேட்காதீங்க, அதை அவனே ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டவன். ஏறும்போது நாம் அதைத் தள்ளணும், இறங்கும்போது அது நம்மைத் தள்ளிவிடும். ஊருக்கு நாலு சைக்கிள் இருந்தாலே பெரிசு. அந்த நாலும் அவன் கைபட்டுத்தான் ஓடுகிறது.

அளவு சொல்வதில் அவனை அடிச்சுக்க ஆளில்லை. தூரத்தில் வருகிற வண்டியைப் பார்த்தே பிரேம் இருபத்திரண்டு இன்ச்சா, இருபத்திநாலா என்று சொல்லிவிடுவான். நட்டைப் பார்த்ததும் சரியான ஸ்பேனருக்குக் கை தானாகப் போகும். அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு அளவில் கோட்டை விட்டான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவன் பெண்டாட்டி இளவரசி. அவனைவிட நாலு விரக்கடை உசரம். கல்யாணத்தில் மாப்பிள்ளை எட்டி மாலை போட்டான், பொண்ணு குனிஞ்சு வாங்கிக்கொண்டாள். ஊரே சிரித்தது. இவனுக்கு அதில் வெட்கமா? அதெல்லாம் இல்லை. பரண்மேல் இருக்கிற சாமை மூட்டையை அவள் கையை நீட்டி எடுக்கும்போதெல்லாம் ஊரைக் கூப்பிட்டுக் காட்டலாம் போல இருக்கும். ஒரே பொண்ணு பிரியதர்ஷினி. பிரியா என்பார்கள்.

பிரியாவுக்குப் பன்னிரண்டு வயசு ஆனபோது இளவரசி ஒரு பேச்சை ஆரம்பித்தாள். மலைக்குக் கீழே திருப்பத்தூருக்கே போய்விடலாம், அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, எனக்குத் தையல் வேலை கிடைக்கும், நீயும் அங்கேயே கடை போடலாம். ராஜவேலு, நிலம் என்னாவது, புளியமரம் என்னாவது, கடை என்னாவது என்றான். ஒரு மாசம் இதே ராமாயணம். கடைசியில் ஒரு நாள், ஜீப்புக்கு நிற்கிற பத்துப் பேர் முன்னாடி, மூக்குக்கு மேல் கோபம் வந்து கத்திவிட்டான்.

"போறதுன்னா போ! நான் இன்னா கட்டியா வெச்சிருக்கேன்?"

மறுநாள் காலையில் தையல் மெஷினை ஜீப் தலைமேல் கட்டச் சொல்லி, பொண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஜீப் ஓட்டியது இவனுடைய சேக்காளி குணசீலன்தான். ஒரு வாரத்தில் வந்துடுவா என்று இவன் இருந்தான். ஒரு வாரத்தில் வந்து கூப்பிடுவான் என்று அவள் இருந்தாள். அப்படியே நாலு வருஷம். முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு நாலு வருஷம்! இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்க வைத்து ஆளுக்கு ரெண்டு போடலாமா என்று எனக்கே கை பரபரக்கும்.

போகாமலும் இல்லை. இரண்டு தடவை போனான். அவர்கள் குடியிருக்கிற தெருமுனை வரைக்கும் போய், டீக்கடையில் நின்று, உள்ளேயிருந்து வருகிற மெஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். கேட்டவர்களிடம் ஸ்பேர் வாங்கப் போனேன் என்றான்.

பிரியா மட்டும் ஞாயிறுக்கு ஞாயிறு போன் பண்ணுவாள். சாப்டியாம்மா, சாப்ட்டேன்பா, படிக்கிறியா, படிக்கிறேன்பா. அதற்கு மேல் அப்பனுக்கும் வராது, பொண்ணுக்கும் வராது. போன வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் பந்தயத்தில் சேர்ந்தாள். அதிலிருந்து பேச்சுக்குக் கொஞ்சம் சுவை கூடியது. அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

"முழுப் பரிச்சை லீவுக்குப் பத்து நாளு மேல வர்றேன்பா. அம்மா சரின்னுடுச்சி. எங்கிட்ட மட்டும் ஒரு நல்ல கியர் சைக்கிள் இருந்துச்சுன்னு வெய்யி, பஸ்ஸும் வாணாம் ஜீப்பும் வாணாம், நெனச்சா நானே மிதிச்சுக்கினு வந்துடுவேன்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். இவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நெனச்சா வந்துடுவேன் என்கிறாளே! யாரையும் கேட்காமல், யாரும் கொண்டுவந்து விடாமல், அவளுக்கு அப்பா ஞாபகம் வந்த அன்றைக்கே வந்துவிடுவாள். அதற்கு ஒரு சைக்கிள்தானே குறை? ஊரெல்லாம் வண்டி பார்க்கிறவன் பெற்ற பொண்ணுக்கு ஒரு சைக்கிள் செய்து தரமாட்டானா?

வேலூரிலிருந்து ரஞ்சித் என்று ஒரு பையன் மாதத்தில் ஒரு ஞாயிறு மலைக்கு வருவான். கம்ப்யூட்டர் வேலை. நாலு சிநேகிதர்களோடு, சைக்கிளைக் காரின் தலையில் கட்டி மேலே கொண்டுவந்து, காட்டுப் பாதையில் இறங்கி ஓட்டுவார்கள். ஒருமுறை அவன் கியர் வளைந்துபோனபோது ராஜவேலு சுத்தியலாலேயே நிமிர்த்திக் கொடுத்தான். அன்றிலிருந்து அவனுக்கு இவன்மேல் பெரிய மரியாதை. அடுத்த தடவை ரஞ்சித் வந்ததும் ராஜவேலு கேட்டுவிட்டான்.

"தம்பி, பழைய கியர் வண்டி ஒண்ணு கெடைக்குமா? எம்பொண்ணுக்கு. மலை ஏறணும்."

"எங்க குரூப்லயே ரெண்டு பேரு புது வண்டி வாங்கிட்டு பழசை சும்மா போட்டு வெச்சிருக்காங்கண்ணா. நீங்க எங்களுக்கு எவ்ளோ செஞ்சிருக்கீங்க, கேட்டா குடுத்துடுவாங்க. ஒண்ணு பதினஞ்சு இன்ச்சு, ஒண்ணு பதினேழு."

ராஜவேலுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா தம்பி, மூணு சக்கர வண்டி கதையா கீது? பொண்ணுக்குப் பதினாறு வயசு. இருபத்திரண்டு இன்ச்சுக்குக் கொறையாம சொல்லு."

இப்போது சிரிக்கிற முறை ரஞ்சித்துக்கு. "அண்ணா, மலை சைக்கிள்ல இருபத்திரண்டு இன்ச்சுன்னா ஆறரை அடி ஆளு வேணும்!"

அப்புறம் அவன் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினான். நம் ஊர் வண்டியில் மேல்பார் நேராக ஓடும். மலைச் சைக்கிளில் அது சீட்டைப் பார்த்துச் சரிந்து இறங்கும். அதனால் ஆள் அதே ஆள்தான், பிரேம் கணக்கு மட்டும் குறைந்துவிடும். அஞ்சடி நாலுக்குள் இருந்தால் பதினைந்து, அதற்கு மேல் அஞ்சடி எட்டு வரைக்கும் பதினேழு. பார் காலிடுக்கில் இடிக்காமல், இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக இன்ச்சு பேசிக்கொண்டிருந்தவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆகிவிட்டது. ஆனாலும் புரிந்துகொண்டான்.

"பதினஞ்சுல ஒரு கொறையும் இல்ல. பதினேழுலதான் முன்சக்கரத்தப் புடிக்கிற போர்க் ஒடஞ்சு கெடக்குது. எங்கிட்ட வேற போர்க் ஒண்ணு இருக்குதுண்ணா. ஆனா அதுல டிராவல் நூத்திருபது. அந்த பிரேமு நூறுக்கு செஞ்சது."

"டிராவலா? அது வேன் வாடகைக்கு விடறதாச்சே."

ரஞ்சித் தன் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்து அமுக்கினான். முன்னால் இருக்கிற ஷாக் வைத்த போர்க் மூச்சுவிடுவதுபோல உள்ளே போய் வெளியே வந்தது. எவ்வளவு அமுங்குகிறதோ அதுதான் டிராவல். நூறு மில்லி என்றால் பத்து சென்டிமீட்டர். நூற்றிருபது போர்க் இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் நீளமாக இருக்கும், வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். இறக்கத்தில் அது சொகம். ஏற்றத்தில் முன்சக்கரம் தரையில் நிற்காமல் இங்கேயும் அங்கேயும் அலையும்.

"நீங்க எறங்கறதுக்கு வர்றவங்க தம்பி," என்றான் ராஜவேலு. "எம்பொண்ணு ஏறி வரணும்."

"அப்போ பொண்ணு ஒசரம் எவ்ளோன்னு சொல்லுங்கண்ணா, எது தோதுன்னு பாத்துடலாம்."

ராஜவேலு கையில் இருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். "கேட்டுச் சொல்றேன்," என்றான்.

கேட்பது என்றால் யாரைக் கேட்பது? பெற்ற பொண்ணிடமே போய், நீ எவ்ளோ ஒசரம்மா இருக்கே என்று கேட்கிறவன் ஒரு அப்பனா? அடுத்த ஞாயிறு போனில் எப்படியோ ஆரம்பித்தான். "ஏம்மா, நீ எவ்ளோ..." என்று இழுத்தான். "எவ்ளோ இன்னாப்பா?" என்றாள் அவள். "எவ்ளோ மார்க்கு எடுத்தே?" என்று முடித்துவிட்டான். வீடியோவில் பேசினால் மூஞ்சி தெரிகிறது, உசரம் எங்கே தெரிகிறது? திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளை எப்போதாவது பார்க்கிற குணசீலனைக் கேட்டான். "இருக்கும்டா ஒரு அளவா," என்று கையை நெஞ்சுக்கும் தலைக்கும் நடுவே எங்கேயோ ஆட்டினான் அந்தப் புண்ணியவான்.

அந்த வாரம்தான் பிரியா ஒரு போட்டோ அனுப்பினாள். பந்தயத்தில் மூன்றாவதாக வந்திருந்தாள். ஒரு சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். வண்டியில் முன்பாதிதான் படத்தில் விழுந்திருந்தது. ராஜவேலு முதலில் மூஞ்சியைத்தான் பார்த்தான். ஒரு நாள் முழுக்க அதையே பார்த்தான். மறுநாள்தான் சக்கரம் கண்ணில் பட்டது. அட, அளவுகோல் அங்கேயே இருக்கிறதே!

ஜெராக்ஸ் கடையில் கொடுத்து முழுத்தாளில் எடுத்துவந்தான். ஸ்கேலை வைத்தான். சக்கரம் நாலு சென்டிமீட்டர். பொண்ணு உச்சந்தலையிலிருந்து செருப்பு வரைக்கும் ஒன்பதரை. சக்கரம் இருபத்தெட்டு இன்ச்சு என்றால் பொண்ணு அறுபத்தாறரை இன்ச்சு. அஞ்சடி ஆறரை அங்குலம்.

தாளை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அது இளவரசியின் உசரம். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அம்மாவை உரிச்சு வெச்சிருக்குதுடா!" என்று ஜீப்போடு நின்றிருந்த குணசீலனிடம் காட்டினான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து குணசீலன் கிண்டல் பண்ணக்கூட இல்லை.

ஒரு சந்தேகம் வராமல் இல்லை. அந்தச் சக்கரத்தில் டயர் கொஞ்சம் தடித்த மாதிரி தெரிந்தது. இருபத்தாறு இன்ச்சு லேடீஸ் வண்டிச் சக்கரமாக இருந்தாலும் இருக்கலாம். வேறு யாராவது அந்தப் படத்தைக் கொண்டுவந்திருந்தால், முழு வண்டியையும் காட்டுடா, அப்புறம் சொல்றேன் என்று விரட்டியிருப்பான். இதைத் தன் மனசுக்குத் தகுந்தபடி பார்த்தான். இருபத்தெட்டுதான் என்று முடிவு கட்டினான். ரஞ்சித்துக்குப் போன் போட்டு, "பதினேழு கொண்டா தம்பி, அந்த நூத்திருபது போர்க்கையும் கொண்டா," என்றான்.

வண்டி வந்தது. கறுப்பு பிரேம், அங்கங்கே பெயிண்ட் போயிருந்தது. ராஜவேலு அதைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் குண்டு எல்லாம் புதுசு போட்டு, கிரீஸ் வைத்துக் கட்டினான். நூற்றிருபது போர்க்கை அப்படியே மாட்டி முதலில் ஓட்டிப் பார்த்தான். ரஞ்சித் சொன்னது சரிதான். மேட்டில் மூன்றாவது வளைவு வருவதற்குள் முன்சக்கரம் கட்டு மீறிய கன்றுக்குட்டி போல இழுத்தது. அழுத்தி மிதித்தால் தரையை விட்டே எழும்பியது. இதில் பொண்ணு ஏறினால் ஓடைப் பக்கம் போய்த்தான் விழுவாள் என்று அங்கேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான்.

போர்க்கைக் கழற்றினான். உள்ளே இருக்கிற கம்பி எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்தான். அதில் ஒரு தடுப்பு கோத்தால் அந்த அளவுக்கு மேல் எழும்பாது. ஜீப்பில் கழற்றிப் போட்ட நைலான் புஷ் ஒன்றை எடுத்து, ரம்பத்தால் அறுத்து, சரியாக ரெண்டு சென்டிமீட்டருக்குத் தேய்த்தான். முதல் துண்டு ஒரு மில்லி அதிகம். தூக்கிப் போட்டான். இரண்டாவது பிளந்தது. மூன்றாவது உட்கார்ந்தது. போர்க் நூறுக்கு வந்தது. மூக்கு இறங்கியது.

ஆனால் சீட்டை இளவரசி உசரத்துக்கு ஏற்றி வைத்தால் அவனால் ஓட்ட முடியவில்லை. கால் எட்டவில்லை. சீட்டில் உட்காராமல் நின்றபடியே மிதித்து, இடுப்பு வலிக்க வலிக்க ஏற்றிப் பார்த்தான். குணசீலன் ஜீப்பை நிறுத்தி, "ஏணி கொண்டாரட்டுமாடா?" என்று கத்துவான். இவன் வாய் கொள்ளாத கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டு மேலே போவான். கடைசி வளைவு வரைக்கும் முன்சக்கரம் தூக்கவில்லை. அன்றைக்கு அந்த மேட்டில் வண்டியைச் சாய்த்துவிட்டு, கீழே போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். இந்த ரோட்டில் ஒரு பொண்ணு தனியாக மிதித்து வந்தால் இங்கிருந்து எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரியும் என்று கணக்குப் பார்த்தான். ஆசை வந்துவிட்டால் ஆளை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கிறது பாருங்க.

மே மாசம் முதல் வாரம். பலாப்பழ வாசனையில் ஊரே மிதக்கிற நேரம். காலை பத்து மணிக்குக் குணசீலனின் ஜீப் வந்து நின்றது. ராஜவேலு சைக்கிளைத் துடைத்துக் கடை முன்னால் நிறுத்தியிருந்தான். பின்கதவு திறந்து பிரியா குதித்தாள்.

குதித்தவளைப் பார்க்க அவன் தலையை நிமிர்த்தினான். நிமிர்த்தின இடத்தில் அவள் மூஞ்சி இல்லை. கீழே, அவன் கண்ணுக்கு நேராக இருந்தது.

"அப்பா!" என்று வந்து கட்டிக்கொண்டாள். அவள் தலை அவன் தாடையில் இடித்தது. நாலு வருஷத்துக்கு அப்புறம் பொண்ணு கட்டிக்கொள்கிறாள், இந்தப் பாவிக்கு மனசெல்லாம் அந்த இடித்த இடத்திலேயே இருந்தது. அஞ்சடி ரெண்டு. அதுகூட ஒரு நூல் குறைச்சல். இது அம்மா உசரம் இல்லை, இது என் வழி உசரமல்லவா என்று தாடையைத் தடவிக்கொண்டான்.

"இதுவாப்பா? எனக்கா?" அவள் சைக்கிளைப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய்க் காலைத் தூக்கிப் போட்டாள். போட்ட கால் தரைக்கு வரவில்லை. கட்டைவிரல் நுனியில் நின்றாள். மேல்பார் இடித்தது. சீட்டை அடி வரைக்கும் இறக்கினாள். உட்கார்ந்து பார்த்தாள். ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருந்தது, முதுகு வில்லாக வளைந்தது. நாலு மிதி மிதித்துவிட்டு இறங்கி வந்தாள். அழகாகப் பொய் சொல்லத் தெரியாத பொண்ணு.

"பெருசா இருக்குதுப்பா."

"ம்."

"நீயா அளவு தப்பா எடுத்த? யாருக்குப்பா எடுத்த?"

ராஜவேலு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் காட்டினான். நாலு சென்டிமீட்டர், ஒன்பதரை, இருபத்தெட்டு. அவள் பார்த்தவுடனே சொன்னாள். "இது பக்கத்து வூட்டு அக்காவோட லேடீஸ் வண்டிப்பா. இருபத்தாறு." அப்புறம் தாளின் ஓரத்தில் அவன் கையெழுத்தில் இருந்த அஞ்சடி ஆறரை என்ற கணக்கைப் படித்தாள். படித்துவிட்டு சைக்கிளைப் பார்த்தாள். அவள் மூஞ்சி மாறியது.

"இது அம்மா ஒசரம்," என்றாள்.

அவன் தாளை வாங்கி மடித்தான்.

"ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? வாரா வாரம் பேசறனே?"

"வெக்கமா இருந்துச்சும்மா." அவன் ரோட்டைப் பார்த்துச் சொன்னான். "பெத்த அப்பன், பொண்ணு எவ்ளோ ஒசரம்னு தெரியாம இருக்கேன்னு ஒத்துக்கற மாதிரி ஆயிடும்னு கேக்கல."

பிரியாவுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் பேச்சு எப்படி வருமோ அப்படி வந்தது. "நாலு வருசமா நானு இன்னிக்குப் பாக்க வருவே, நாளைக்குப் பாக்க வருவேன்னு கெடந்தேன். எம்மாம் வளந்துட்டேன்னு ஒனக்குத் தெரியல. அம்மா ஒசரம் மட்டும் ஒரு நூலு மறக்காம கையில நிக்குது. அப்போ ஒனக்கு யாரு வரணும்பா? நேராவே சொல்லேன்."

ஜீப்பிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த குணசீலன் தலையைத் திருப்பிக்கொண்டான். ராஜவேலு கடைப்பலகையில் உட்கார்ந்தான். கிரீஸ் கையாலேயே மூஞ்சியை மூடிக்கொண்டான். அப்புறம் சொன்னான்.

"ரெண்டு பேரும்தான் வரணும். உங்கம்மாவ நெனக்காம ஒரு நாளு போனதில்ல. பொழுது விடிஞ்சா அவ ஞாபகந்தான். போன்னு சொன்ன வாயால வான்னு சொல்லத் தெரியாம கெடக்கறேன்."

பொண்ணு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மூஞ்சியில் ஒட்டிய கிரீஸைத் துப்பட்டா முனையால் துடைத்தாள். "சரி, இப்போ டேப்பு எடு. என்னை அள," என்றாள். சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நின்றாள். அவன் அவள் தலைமேல் ஸ்கேலை வைத்து அளந்தான். அங்கேயே ரஞ்சித்துக்குப் போன் போட்டான். நல்லவேளை, பதினைந்து இன்ச்சு வண்டி இன்னும் கைமாறாமல் கிடந்தது. அடுத்த மாசம் வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னான்.

பத்து நாளும் அப்பனும் பொண்ணும் பேசித் தீர்த்தார்கள். போகிற அன்றைக்குப் பிரியா கறுப்பு சைக்கிளை ஜீப் தலைமேல் ஏற்றச் சொன்னாள்.

"எதுக்கும்மா? ஒனக்குத்தான் ஒத்து வரலயே."

"அம்மாவுக்கு. ரெண்டு கிலோமீட்டரு நடந்துதான் டெய்லி வேலைக்குப் போவுது."

"வாணாம்மா. நான் குடுத்தேன்னு தெரிஞ்சா குப்பையில போட்ருவா."

"போடட்டும். நான் சொல்லிடுவேன். அப்பா ஒனக்கு அளவெடுத்து செஞ்சாரும்மான்னு. பொய் இல்லையே?"

பொய் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. குணசீலன் கயிற்றை இழுத்துக் கட்டினான். ராஜவேலு மேலே ஏறி, பிரியா இறக்கிய சீட்டைப் பழைய உசரத்துக்கே ஏற்றி, பிரேமில் கயிறு உராயாமல் ஒரு கோணிப்பையை மடித்து வைத்துவிட்டு இறங்கினான்.

முதல் நாள் போன் வரவில்லை. இரண்டாவது நாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியா பேசினாள், சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க இவனுக்குத் தைரியம் இல்லை. குப்பையில்தான் போட்டுவிட்டாள் என்று முடிவு பண்ணிக்கொண்டான். யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தான். பைக்கில் வந்த ஒருத்தனிடம், "பஞ்சர் ஒட்டத் தெரியாது, போ," என்றுகூடச் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். ஜீப் டியூபைத் தண்ணீரில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது. இளவரசி என்று பெயர் வந்தது. நாலு வருஷமாக அந்தப் பெயர் அந்தப் போனில் இருக்கிறது, ஒரு நாள் அடித்ததில்லை. ஈரக் கையோடேயே எடுத்தான்.

"நாந்தான்," என்றாள்.

"ம்."

"பிரியா வண்டி கொண்டாந்துது."

"ம்."

"நாலு நாளு சும்மாதான் நிறுத்தி வெச்சிருந்தேன். அப்பால ஓட்டிப் பாத்தேன்."

"எப்டி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. சீட்டு மட்டும் ஒரு விரக்கடை ஒசரமா தெரியுது. எறக்கணும்."

சீட்டுக்குக் கீழே ஒரு லீவர் இருக்கிறது. அதைத் திருப்பினால் சீட்டு இறங்கும். பிரியா கண் முன்னாலேயே இறக்கிக் காட்டியிருப்பாள். பச்சைக் குழந்தைகூடச் செய்யும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். லீவரைத் திருப்பி நீயே எறக்கிக்கயேன் என்கிற வார்த்தை ராஜவேலுவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படிப் பேசிப் பேசித்தானே நாலு வருஷம் போயிற்று? அதை விழுங்கினான்.

"அது அங்க ஆவாது," என்றான். "மேல கொண்டாரணும்."

"மேல வரைக்குமா?"

"ஆமா. வேற யாரு கைக்கும் அது அடங்காது. நான்தான் பாக்கணும்." கனைத்துக்கொண்டான். "நீதான் எடுத்துக்கினு வரணும், இளவரசி."

டியூப் தண்ணீரில் அதுபாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, எங்கே லைன் போய்விடுமோ என்று அசையாமல் நின்றான்.

"ஞாயித்துக்கெழம கடை இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும்," என்றான் ராஜவேலு. "காலையிலேந்தே இருக்கும்."